பத்து வயது டீசலுக்கு என்ன விலை?

2016-ம் ஆண்டு மே 23-ம் தேதி. கொச்சியில் கூடிய தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு ஓர் உத்தரவு பிறப்பித்தது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வாகனங்கள் கேரளத்தின் ஆறு பெரிய நகரங்களில் ஓடக் கூடாது. அவகாசம் 30 நாள். திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர் என்று அந்த ஆறு நகரங்களும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டன. பெரிய எஞ்சின் பொருத்திய புதிய டீசல் கார்களைப் பதிவு செய்யவும் அதே உத்தரவு தடை போட்டதால் கார் விற்பனையாளர்கள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் பழைய பஸ்களை எண்ணிப் பார்த்தது. திருவனந்தபுரத்துக்கு வாழைக் குலையும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டுபோகும் பழைய பிக்கப் வண்டிக்காரர்களுக்காக வாதாட யாரும் பெரிதாகக் கிளம்பவில்லை.

உயர் நீதிமன்றம் தலையிட, உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை. பழைய டீசல்கள் பழையபடியே ஓடின. ஆனால் அந்தச் சில வாரங்களில் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. பயன்படுத்திய டீசல் வண்டியின் விலையை அதன் எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கோ எழுதப்படும் ஒரு காகிதமும் தீர்மானிக்கிறது. சந்தைக்குள் நுழைய முடியாத வண்டி தோட்டத்துக்காரருக்கு வெறும் இரும்பு.

இது யாருக்குப் பெரிய விஷயம் என்று பார்க்கக் கல்லாற்றுக்குப் போகலாம். கல்லாறு என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்துப் பழப் பண்ணைதான் நினைவுக்கு வரும். இது வேறு கல்லாறு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். பெயருக்கு ஏற்றபடி உருண்டைக் கற்களுக்கு நடுவே ஓடும் ஆறு. அதைத் தாண்டினால் பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள். காரில் வருபவர்களுக்கு இது குளித்துவிட்டுப் போகும் இடம். ஊர்க்காரர்களுக்கு ரப்பர், மிளகு, பாக்கு, நேந்திரன் வாழை, மரவள்ளி. உள்ளே காட்டோரத்தில் காணிக்காரர் குடியிருப்புகள். தார்ச் சாலையை விட்டு இறங்கினால் செம்மண் பாதை. ஜூனில் தொடங்கும் மழை ஒன்று, அக்டோபரில் வரும் மழை ஒன்று என்று இரண்டு பருவங்களிலும் அந்தப் பாதை சேறாகிவிடும்.

இந்த மாதிரி ஊரில் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் ஒருவர் வண்டி வாங்க யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். புது பிக்கப் அவர் கைக்கு எட்டாது. கையில் கொஞ்சம் பணம், மீதிக்கு மனைவியின் நகை அல்லது கூட்டுறவு வங்கி. அவருக்கு வேண்டியது எது என்பதை முதலில் எடை போட்டுப் பார்க்க வேண்டும். நேந்திரன் குலை ஒன்று சராசரியாகப் பத்து, பன்னிரண்டு கிலோ. அறுபது குலை ஏற்றினால் 700 கிலோவை நெருங்குகிறது. வரும்போது உரமூட்டை, சிமென்ட், சில நாள் செங்கல். ஆக முக்கால் டன்னிலிருந்து ஒன்றேகால் டன் வரை தூக்கும் வண்டி போதும். அதற்கு மேல் போனால் அந்தச் செம்மண் பாதையில் திரும்பவே முடியாது.

ஏன் டீசல் என்பதற்கும் பதில் அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. குறைந்த வேகத்தில் சுற்றும்போதே நல்ல இழுவை தருவது டீசல் எஞ்சின். பாரத்தோடு முதல் கியரில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு அதுதான் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் அதே வேலையைச் செய்ய உறுமிக்கொண்டு சுற்ற வேண்டியிருக்கும். எரிபொருளும் அதிகம் குடிக்கும்.

சந்தையில் என்ன இருக்கிறது? டாடா ஏஸ் 2005-ல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர். இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைசக்தி, முக்கால் டன் பாரம். எளிமையான எஞ்சின். எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் போடுவார். உதிரி பாகம் பெட்டிக் கடையில் கிடைக்காத குறைதான். சமவெளியில் காய்கறி, தண்ணீர்க் கேன் சுமக்க இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 16 குதிரைசக்தி என்பது ஒரு நல்ல மோட்டார் சைக்கிளைவிடக் குறைவு. நனைந்த மண் ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு அது திணறும். தோட்டம் தார்ச் சாலையை ஒட்டி இருந்தால் ஏஸ் போதும். அரை கிலோமீட்டர் உள்ளே ஏற வேண்டுமானால் போதாது.

அடுத்து மஹிந்திரா பொலிரோ பிக்கப். நான்கு சிலிண்டர், 2523 சி.சி. மஹிந்திரா ஜீப்புகள் மலையோரங்களில் சம்பாதித்த நல்ல பெயரின் வாரிசு என்றே இதைச் சொல்லலாம். முரட்டு வண்டி, குலுக்கும், சத்தம் போடும், ஆனால் இழுக்கும். அதனாலேயே பழைய வண்டிக்கும் விலை குறைவதில்லை. மூன்றாவதாக, சென்னைக்காரரான அசோக் லேலண்டின் தோஸ்த். நிசானோடு சேர்ந்து 2011-ல் இறக்கியது. மூன்று சிலிண்டர், ஒன்றேகால் டன். ஏஸுக்கும் பொலிரோவுக்கும் நடுவில் நிற்கிறது. விலையிலும் அப்படித்தான்.

இவற்றைத் தவிர வேறு சிலவும் மலிவாகக் கிடைக்கும். மஹிந்திராவே 2010-ல் கொண்டுவந்து பின்னர் நிறுத்திவிட்ட மேக்ஸிமோ, மாருதி 2016-ல் கொண்டுவந்து 2020-ல் நிறுத்திய சூப்பர் கேரி டீசல். வண்டியில் குறை இருப்பதால் மலிவு என்று அர்த்தமில்லை. நின்றுபோன வண்டிக்கு உதிரி பாகம் தேடி அலைய வேண்டும் என்பதால் மலிவு. ஓணத்துக்குப் பத்து நாள் முன்பு வண்டி படுத்துக்கொண்டால், பாகம் கொச்சியிலிருந்து வரும்வரை குலை மரத்தில் காத்திருக்காது. பழுத்த நேந்திரனுக்கு ஓணம் முடிந்த மறுநாள் என்ன விலை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆகவே எந்த வண்டி நல்லது என்று தரகரிடம் கேட்பதைவிட, எந்த வண்டியைப் பிரிக்கத் தெரியும் என்று விதுரையில் இருக்கும் மெக்கானிக்கிடம் கேட்பது பயன் தரும்.

வண்டியின் வயதைப் போலவே அதன் தலைமுறையையும் பார்க்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகள் நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும், ஆறு விதிகள் 2020 ஏப்ரலிலும் வந்தன. அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் டீசல் பம்ப், நாசில் என்று கையால் சரிசெய்யக்கூடிய பழைய ஏற்பாடு. பிந்தையவற்றில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரயில். 2020-க்குப் பிந்தைய டீசல்களில் புகைக்குழாயில் கரித் துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டியும் சேர்ந்துவிட்டது. பிடித்த கரியை எரித்துத் தீர்க்க அதற்கு நல்ல சூடு வேண்டும். அதாவது நெடுஞ்சாலையில் சிறிது நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். தோட்டத்திலிருந்து விதுரைக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் ஊர்ந்துவிட்டு நிறுத்தும் வண்டியில் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். டேஷ் போர்டில் விளக்கு எரியும், எஞ்சின் இழுவையைக் குறைத்துக்கொள்ளும். காற்றுக்கு நல்லது செய்யும் கருவிதான். ஆனால் குறுகிய தூரத் தோட்ட வேலைக்கு வாங்குபவர் வாரத்துக்கு ஒருமுறையாவது திருவனந்தபுரம் வரை ஓட்டும் வேலை தனக்கு உண்டா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இந்தத் தலைமுறை வண்டியைத் தொட வேண்டும்.

இனி வண்டியைப் பார்க்கும் நாள். பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: நெடுமங்காட்டிலோ ஆற்றிங்கலிலோ தார்ச் சாலையில் காலியாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, "வண்டி சும்மா பறக்குதே" என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். காலி வண்டி யாருக்கும் பறக்கும். கிளட்ச் வழுக்குவதும், எஞ்சின் மூச்சு வாங்குவதும், இரண்டாவது கியர் துள்ளி வெளியே வருவதும் பாரத்தோடு ஏற்றத்தில்தான் தெரியும். விற்பவர் சம்மதித்தால் வண்டியைத் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொல்லி, அரை டன் எதையாவது ஏற்றி, சொந்த ஏற்றத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். நடுவழியில் நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். டீசல் செலவை வாங்குபவர் கொடுக்கலாம். சம்மதிக்காத விற்பனையாளர் ஏன் சம்மதிக்கவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

அதற்கு முன் சில சின்னச் சோதனைகள். வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே அதைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிரில் கிளம்ப மறுக்கும் எஞ்சினை யாரோ காலையிலேயே கிளப்பிச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார்கள். கிளம்பியதும் புகையின் நிறம் பேசும். கறுப்புப் புகை காற்று வடிகட்டி அடைப்போ டீசல் அதிகம் பாய்வதோ. செலவு அதிகமில்லாமல் சரியாகலாம். நீலப் புகை எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்பதன் அடையாளம். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை கம்ப்ரஷன் குறைந்ததையோ, தண்ணீர் உள்ளே கசிவதையோ சொல்லும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து குபுகுபுவென்று அழுத்தத்தோடு புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. அந்த வேலைக்கு ஆகும் செலவைக் கேட்டுக்கொண்டு வந்து பேரத்தில் கழிக்க வேண்டும், அல்லது திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும்.

கிளட்சுக்கு ஒரு பழைய சோதனை. கைப் பிரேக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் வைத்து, கிளட்சை மெல்ல விட வேண்டும். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது.

எஞ்சினைவிட முக்கியமானது வண்டியின் அடிவயிறு. எஞ்சினை மாற்றலாம், சேஸிஸை மாற்றுவது வண்டியை மாற்றுவதற்குச் சமம். சேஸிஸ் சட்டத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா, புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்து எதையாவது மறைத்திருக்கிறார்களா என்று கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். வேட்டியை நினைத்து வெட்கப்படுபவர்கள் மெக்கானிக்கை அழைத்துப் போகலாம். பின்பக்க ஸ்பிரிங் கட்டில் கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு பட்டை சேர்த்திருந்தால் அந்த வண்டி கருங்கல்லோ மணலோ அளவுக்கு மீறிச் சுமந்து வாழ்ந்திருக்கிறது. மீட்டர் 80 ஆயிரம் காட்டலாம். தேய்ந்து வழவழப்பான கிளட்ச் மிதியும், பள்ளம் விழுந்த ஓட்டுநர் இருக்கையும் வேறு கணக்குச் சொல்லும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. மொட்டையாகாத டயரும் வயதானால் வெடிக்கும் என்பதால் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கருவி பற்றிய பேச்சு இத்தோடு போதும். மலிவாக வாங்கியதாக நினைத்து ஏமாறுபவர்கள் பெரும்பாலும் எஞ்சினில் ஏமாறுவதில்லை. காகிதத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

முதல் காகிதம் வயது. பிக்கப் என்பது சரக்கு வாகனம். சொந்த வாழைக்குலையை மட்டும் ஏற்றினாலும் மஞ்சள் நம்பர் பலகைதான். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. என்றால் பெயின்ட், பிரேக், விளக்கு, டயர் என்று ஆண்டுக்கு ஒரு பெரிய செலவு என்பது வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கேரளத்தில் பத்து ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு. 15 ஆண்டு தாண்டினால் தகுதிச் சோதனைக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தியது. 2021-ல் அறிவிக்கப்பட்ட பழைய வாகனக் கழிப்புக் கொள்கை, சோதனையில் தோற்கும் வண்டியை ஆயுள் முடிந்த வண்டியாகவே பார்க்கிறது. அரசுத் துறைகளின் ஏலத்தில் பழைய ஜீப் எடுப்பது ஒரு காலத்தில் மலைத் தோட்டக்காரர்களின் வழக்கமான தந்திரம். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதால் அந்தக் கதவும் மூடிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வயது வண்டி ஒன்று மூன்று லட்சம். ஏழு வயது வண்டி ஒன்று ஐந்து லட்சம். முதலாவதுதான் மலிவு என்று கை நீளும். 15 ஆண்டு வரை என்று வைத்துக்கொண்டால் முதல் வண்டிக்கு மிச்சம் மூன்று ஆண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் விழுகிறது. இரண்டாவதற்கு எட்டு ஆண்டு. ஆண்டுக்கு 62,500 ரூபாய். பழையதற்கு ரிப்பேர் செலவும் கூடுதல். 15-க்குப் பிறகும் ஓட்டலாம்தான். ஆனால் அந்த ஆண்டுகளின் விலையை நிர்ணயிப்பவர் விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. 2016 மே மாதம் காட்டியது அதைத்தான்.

இன்னொரு எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தில் பார்க்க வேண்டும். அது பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை. 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு சொல்கிறது. ஒரே பெயரில் வரும் பிக்கப்பில் கொஞ்சம் கூடுதல் பாரம் தூக்கும் ரகம் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். கால் டன் அதிகம் ஏற்றலாம் என்ற ஆசையில் ஒவ்வொரு முறையும் பெர்மிட் வேலையைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டுமா என்பது யோசிக்க வேண்டியது. ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை கவலை தீர்ந்துவிட்டது. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியைக் கார் ஓட்டும் உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

இரண்டாவது காகிதம் பெயர். கிராமத்தில் வண்டி கை மாறும் விதம் எல்லோருக்கும் தெரியும். 29, 30-ம் எண் படிவங்களில் விற்பவர் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதாமல், ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்துவிடுவார். வாங்கியவர் பெயர் மாற்றாமலே இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டு அதே படிவத்தோடு அடுத்தவருக்கு விற்பார். கட்டணம் மிச்சம் என்று இருவருக்கும் திருப்தி. விபத்து நடக்கும் நாள்வரை திருப்திதான். பல கை மாறிய ஒரு வண்டி 2009-ல் ஏற்படுத்திய விபத்தில் யார் நஷ்ட ஈடு கொடுப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வண்டியை விற்று ஆண்டுக்கணக்கில் ஆகியிருந்தும் பழைய உரிமையாளர் தப்பவில்லை.

விற்பவருக்கு இது பயம் என்றால் வாங்குபவருக்கும் நிம்மதியில்லை. மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் வண்டியோடு தானாகவே மாறும் என்பது சட்டம். வண்டிக்கே சேதம் வந்தால் பணம் கேட்க, பாலிசி தன் பெயரில் இருக்க வேண்டும். அதற்கு 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கல்லாற்றுச் சரிவில் வண்டி உருண்டுவிட்டது, பாலிசி நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர் பெயரில் இருக்கிறது என்றால் ஐந்து லட்சமும் ஆற்றோடு போயிற்று. பழைய கடன் முடிந்ததற்கு ஃபைனான்ஸ் கம்பெனியின் கடிதமும் 35-ம் எண் படிவமும் கையில் வராமல் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுக்கக் கூடாது. பாக்கி அபராதம், வரி எல்லாம் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டாலே தெரிகிறது. வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை பார்த்துச் சொல்லிவிடும்.

எல்லை தாண்டி வரும் வண்டிகள் தனி ரகம். நாகர்கோவிலின் டி.என். 74, மார்த்தாண்டத்தின் டி.என். 75 எண் வண்டிகளைத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பார்ப்பது சாதாரணம். விலை சற்றுக் குறைவாகச் சொல்வார்கள். ஆனால் சொந்த ஊர் அலுவலகத்திலிருந்து 28-ம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், கேரளத்துக்கு வரி கட்ட வேண்டும், நெடுமங்காடு அலுவலகத்தில் கே.எல். 21 என்று புது எண் எடுக்க வேண்டும். இந்தச் செலவையும் அலைச்சலையும் கூட்டினால் விலை வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். இன்னும் தொலைவிலிருந்து, டில்லி வட்டாரத்திலிருந்து வரும் டீசல்களும் உண்டு. அங்கே பத்து ஆண்டு தாண்டிய டீசலுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கேரளத்தில் நடக்காதது அங்கே நடந்தது. அங்கே ஓட்ட முடியாத வண்டி வேறு மாநிலங்களில் மலிவாக விலை போவது இயல்பு. அதன் சான்றிதழ் சரியாக இருந்தால் வாங்கலாம். தடையில்லாச் சான்று "அடுத்த வாரம் வந்துவிடும்" என்று சொல்லப்பட்டால், அந்த வாரம் வந்த பிறகு பணம் கொடுப்பதில் தவறில்லை.

தரகர்கள் சொல்லாத ஒன்று பின்னால் ஏறும் ஆட்கள். காலையில் நாலு பேரைத் தோட்டத்துக்கு ஏற்றிப் போவதும் மாலையில் இறக்கிவிடுவதும் தோட்ட ஊர்களில் பிக்கப்பின் எழுதப்படாத வேலை. சரக்கு வண்டியில் ஏறும் ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. சட்டம் பாதுகாப்பது சரக்கின் உரிமையாளரையோ அவருடைய பிரதிநிதியையோதான். பின்னால் குலையோடு குலையாக உட்கார்ந்து வரும் கூலியாள் கீழே விழுந்து இறந்தால் அவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு தோட்டக்காரரின் நிலத்திலிருந்துதான் வர வேண்டியிருக்கும். ஆட்களையும் ஏற்ற வேண்டிய வீடு என்றால் இரட்டை வரிசை இருக்கை உள்ள பொலிரோ கேம்பர் போன்ற வண்டியைத் தேடுவது நல்லது. பாரம் ஏற்றும் இடம் குறையும், விலை கூடும். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் இருக்கை எண்ணிக்கைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, வண்டி வேண்டுமா என்ற கேள்வியையும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. முன்பு போட்ட கணக்கில் ஏழு வயது வண்டிக்கு ஆண்டுக்கு 62,500. இன்ஷூரன்ஸ், வரி, எஃப்.சி., டயர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்று வைக்கலாம். ஆண்டுக்கு 50 நடை போகிறவருக்கு டீசல் ஊற்றுவதற்கு முன்பே நடைக்கு 2,000 ரூபாய் ஆகிவிட்டது. 150 நடை போகிறவருக்கு அது 670 ரூபாய்தான். வாரத்துக்கு ஒரு நடை மட்டுமே வேலை உள்ளவர் விதுரையில் வாடகை வண்டி பிடிப்பதே லாபம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேரின் குலைகளையும் சேர்த்து நெடுமங்காடு மொத்தச் சந்தைக்குக் கொண்டுபோக முடிந்தவருக்கு வண்டி வாங்கலாம். அண்ணன் தம்பி கூட்டாக வாங்கினால் ஆர்.சி.யில் யார் பெயர் என்பதை வாங்கும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். வழக்கு வந்தால் அந்தப் பெயர்தான் கூண்டில் ஏறும்.

வாங்கியாகிவிட்டது. முதல் செலவு எதற்கு? பலர் சீட் உறை தைக்கிறார்கள், முன் கண்ணாடியில் கடவுள் பெயர் எழுதுகிறார்கள். அதற்கு முன் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டீசல் வடிகட்டி, பிரேக் எண்ணெய் நான்கையும் மாற்ற வேண்டும். பழையவர் எப்போது மாற்றினார் என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை. பிறகு நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பிரேக் கட்டைகளைப் பார்க்க வேண்டும்.

மலை ஊர்களில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாரத்தோடு இறங்கும்போது டீசலை மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் தள்ளி, சிலர் சாவியையும் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார்கள். டீசல் எஞ்சினில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தத்தைத் தருவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு சின்னப் பம்ப். எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பிரேக் கல்லாகிவிடும். கியரில் வைத்து இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்; அப்போது எஞ்சினுக்குள் டீசல் பாய்வதும் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. நியூட்ரலில் அணையாமல் ஓடும் எஞ்சின் அதைவிட அதிகம் குடிக்கும். பொன்முடியிலிருந்து கல்லாறு வரை 22 வளைவு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். புது வண்டியில் தெரியாத தேய்மானம் பழைய வண்டியின் பிரேக்கில் மூன்றாவது வளைவிலேயே தெரிந்துவிடும்.